அவர் கண் இருந்த உயரம்

சென்ற கோடை விடுமுறையில் நடந்தது இது. நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், மில்பிடாஸில். கல்லூரியில் படிக்கும் என் மகளும் நானும் ஆல்ப்ஸ் மலைக்குப் போயிருந்தோம். முன்பு இதே மாதிரி ஒரு கோடையில் போனபோது என் கணவரும் இருந்தார்.

அவருக்கு மலைப் பைத்தியம். லீவு கிடைத்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் படத்தில் ஆள் இருக்கக் கூடாது. "ஒரு படத்துலயாவது நாம நிக்க வேண்டாமா? ஊருக்கு அனுப்பினா காலண்டர்னு நினைச்சுப்பாங்க" என்று சண்டை போடுவேன். "மலை மாறிட்டே இருக்கும்மா. நாம எங்க போயிடப் போறோம்?" என்பார்.

முதலில் போனது அவர்தான். மாரடைப்பு. மாலை போட ஒரு படம் தேடினால், கம்ப்யூட்டர் முழுக்க மலைகள், அவரைக் காணோம். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஆயிற்றே! கடைசியில் டிரைவிங் லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். அந்த முறைப்பு அவருடையதே இல்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல்தான் கோபம் வரும்.

அப்பா எடுத்த ஒரு படத்தை அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. முன்னால் ஒரு பாறை, அதற்கு மேல் எட்டிப் பார்க்கும் ஒரு சின்ன வீட்டின் கூரை, பின்னால் பள்ளத்தாக்கு நிறைய வெள்ளை வெளேரென்று பனி. அதுதான் அந்தப் படம்.

மூச்சு வாங்க ஏறிப் போனோம். பாறை இருந்தது. பனி இல்லை. சிகரத்துக்குப் பக்கத்தில் மட்டும் அழுக்குத் துணி மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே வெறும் கல்லும் சேறும். இதுவும் போய்விட்டதா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மகள் விடவில்லை. பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, போனைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நகர்ந்தாள். "ரூஃப் தெரியலம்மா. ஐ'ம் டூ ஷார்ட்" என்றாள். அவள் என்னைப் போலக் குள்ளம். பாறை கூரையை மறைத்தது. போனைத் தலைக்கு மேல் தூக்கினால் திரை தெரியவில்லை.

அந்த வழியாக இறங்கி வந்த நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர், எங்கள் தவிப்பைப் பார்த்து நின்றார். மகள் விஷயத்தைச் சொன்னாள். முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு, போனை வாங்கித் தன் கண்ணுக்கு நேரே பிடித்தார். கூரை அதிகமாகத் தெரிந்தது. முழங்காலைக் கொஞ்சம் மடித்தார். பாறையும் கூரையும் பழைய படத்தில் இருந்தபடியே பொருந்தின.

"உன் அப்பாவின் கண் இங்கேதான் இருந்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கால் வலித்திருக்கும். ஆனாலும் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் எழுந்து பக்கத்தில் போனேன். அந்தப் போனைப் பார்க்க அண்ணாந்தேன். என் கணவரோடு பேசும்போது இவ்வளவுதான் அண்ணாந்து பார்ப்பேன். என் கழுத்துக்கு அது மறக்கவில்லை.

இப்போது அவர் எடுத்த படமும் அன்று எடுத்த படமும் எங்கள் ஹாலில், அவர் கண் இருந்த அதே உயரத்தில் இருக்கின்றன. "ஏன் ஆன்ட்டி இவ்ளோ மேல மாட்டியிருக்கீங்க?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். லைசென்ஸ் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, நான் வந்து அண்ணாந்து நிற்பது இங்கேதான்; துக்கம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஒரு படத்தில்கூட நீங்கள் இல்லையே என்று அவரோடு சண்டை போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.