மோட்டார் அறையில் ஓர் இளஞ்சிவப்புக் கட்டம்

ஒருவரைப் பற்றி இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது நூற்றெட்டாம் பிரிவு. புதிய சட்டத்தில் நூற்றுப் பதினொன்று. எண் மாறியதே தவிர விதி மாறவில்லை. வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதியின் மேல் ஒரு மரியாதை உண்டு. அது யாரையும் செத்துவிட்டார் என்று சொல்வதில்லை. இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு எவனாவது வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறது.

என் தங்கை கணவர் விஷயத்தில் அப்படி யாரும் வரவில்லை. ஒரு கேமரா வந்தது.

அவருக்குக் கீரமங்கலத்தில் தென்னந்தோப்பு. இலுப்பூரில் கடலை விதை பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் பஸ் ஏறியவர் திரும்பவில்லை. போலீஸ் தேடியது, பிறகு, கண்டுபிடிக்க இயலவில்லை என்று முத்திரை குத்தி ஒரு சான்று கொடுத்தது. பட்டா அவர் பெயரில், பம்பு செட் மின் இணைப்பும் அவர் பெயரில். புயலில் பாதி மரங்கள் சாய்ந்தபோது நிவாரணத்துக்குப் பட்டாதாரர் நேரில் வரவேண்டும் என்றார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

ஏழாண்டு கழிந்ததும் அவர் இறந்ததாகக் கோர்ட் அறிவிக்கும் விளம்புகை கேட்டு வழக்குப் போட்டோம். எல்லாக் காகிதமும் நானே தயார் செய்தேன். மிச்சம் ஒன்றுதான். தங்கை கோர்ட்டுக்கு வந்து ஒரு பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவேண்டும். "என் கணவர் உயிருடன் இல்லை என்றே நம்புகிறேன்" என்று அதில் ஒரு வரி. அவள் கையெழுத்துப் போட்டால் தோப்பு அவளுக்கும் மகளுக்கும். போடாவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகும். தோப்பு, ஊரில் இல்லாத ஒருவர் பெயரிலேயே நிற்கும்.

கேமராவுக்கு வருகிறேன். என்னிடம் இரண்டு உண்டு. பழையது சர்வீஸில் இருக்கும்போது வாங்கிய டி.எஸ்.எல்.ஆர்., புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்கும் மலிவு ரகம். பிளாஸ்டிக் உடம்பு. உள்ளே ஒரு கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். எதிரில் வெயில் என்றால் வெயில், இருட்டு என்றால் இருட்டு. பட்டனை அமுக்கினால் கண்ணாடி 'டடக்' என்று எழும். அந்த இமைப்பொழுது எல்லாம் கறுத்துப்போகும். ஆகவே படம் பிடித்த கணத்தை, பிடித்தவன் மட்டும் பார்த்திருக்க மாட்டான். மாப்பிள்ளையின் கடைசிப் படம் இதில் எடுத்ததுதான். தோப்பில், மோட்டார் அறைக்கு முன்னால் நிற்கிறார். நேராக என்னைப் பார்த்துத்தான் நின்றார். படத்தில் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடி எழுந்திருந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

புதியது மிரர்லெஸ். பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கி வந்தான். கண்ணாடி கிடையாது. கண் வைக்கும் இடத்தில் ஒரு குட்டி டி.வி. இருக்கிறது. அதில் தெரிவது எதிரில் இருப்பது அல்ல, எதிரில் இருப்பதாகக் கேமரா எழுதிவைத்த குறிப்பு. கீழே இருந்து வரும் குறிப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டே காலம் கழித்தவனுக்கு இது பழகிய ஏற்பாடுதான். எடை பாதி. பழையது அரிசி மாவு தூவியதுபோலப் படம் எடுக்கும் மங்கல் வெளிச்சத்தில் இது பளிச்சென்று எடுக்கும். பேட்டரி மட்டும் மதியத்துக்குள் செத்துவிடும். பழையதில் பேட்டரி போனாலும் கண்ணாடி வழியே உலகம் தெரியும். இதில் பேட்டரி போனால் உலகமும் போய்விடும். சத்தம் அறவே இல்லை. எடுத்ததும் தெரியாது, எடுக்கப்பட்டதும் தெரியாது.

அதில் முகப் பதிவு என்று ஒரு வசதி இருந்தது. குடும்பத்தார் முகங்களைப் பதிந்துவைத்தால், கூட்டத்தில் அவர்களைக் கண்டு இளஞ்சிவப்பில் கட்டம் போடும். தெரியாத முகத்துக்கு வெள்ளைக் கட்டம். கீரமங்கலத்தில் தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பதிந்தேன். திருச்சியில் படிக்கும் தங்கை மகள், என் மருமகள், லீவில் வந்திருந்தாள்.

"என்ன மாமா, கேமராவுக்குள்ளயும் ரேஷன் கார்டு போடுறீங்களா?"

"ஆமா. மூஞ்சிய நேரா வையி."

எல்லாரையும் முடித்துவிட்டு, சுவரில் மாலை போடாமல் மாட்டியிருந்த மாப்பிள்ளையின் அந்தக் கடைசிப் படத்தைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்து வைத்தேன். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவுகளையுமா சேக்குறீங்கண்ணே?"

"பேரு நீக்கணும்னா உத்தரவு வேணும்மா. உத்தரவு வராத வரைக்கும் அவரும் குடும்பத்து ஆளுதான்."

"கோர்ட்டுல இல்லைங்கிறீங்க, இதுல இருக்காகங்கிறீங்க. நல்லா இருக்குண்ணே ஒங்க உத்தியோகம்."

கேமரா ஆட்சேபிக்கவில்லை. பிறந்த தேதிகூடக் கேட்கவில்லை. பதிவாகிவிட்டது என்று காட்டியது.

அன்று வெயில் சாயும் நேரத்தில் நானும் மருமகளும் தோப்புக்குப் போனோம். வழக்கோடு சேர்க்க வக்கீல் தோப்பின் படங்கள் கேட்டிருந்தார். இரண்டு கேமராவையும் கொண்டுபோயிருந்தேன், எதன் படம் தெளிவாக வருகிறது என்று ஒப்பிட. மரங்களை எடுத்தேன், கிணற்றை எடுத்தேன். கடைசியில் மோட்டார் அறை. கதவு திறந்து கிடந்தது. பழைய கேமராவில் பார்த்தால் வாசல் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். ஒரு படம் எடுத்துக்கொண்டு புதியதைக் கண்ணில் வைத்தேன்.

உள்ளே மெல்ல வெளுத்தது. ஸ்டார்ட்டர் பெட்டி, யூரியா சாக்கு, மண்வெட்டி, ஈரம் ஊறிய சுவர். அந்தச் சுவருக்கு முன்னால், ஓர் ஆள் உயரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கட்டம் இருந்தது.

கேமராவை இறக்கினேன். கறுப்பு வாசல். திரும்பக் கண்ணில் வைத்தேன். கட்டம். அதற்குள் சுவர் மட்டும்தான். நான் அசையாமல்தான் நின்றேன். கட்டம் இடப்பக்கமாக, ஜன்னலை நோக்கி, அவசரமில்லாத நடையில் நகர்ந்தது.

"ஆரு மாமா உள்ள?"

நான் பதில் சொல்வதற்குள் பேட்டரி தீர்ந்து எல்லாம் இருண்டது.

உள்ளே போனோம். வாசலுக்குக் குறுக்கே இருந்த ஒட்டடையை நான்தான் கையால் விலக்கினேன். அன்று எனக்கு முன்னால் யாரும் அந்த வாசலில் நுழைந்திருக்க முடியாது. மருமகள் படிப்பாளி. பேட்டரியை மாற்றிப் போட்டு, கட்டத்தைத் தானும் பார்த்துவிட்டு, வரும் வழியில் ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள்.

"அந்தப் போட்டோவுல அப்பாவுக்குப் பின்னாடி இதே ரூம்தான இருக்கு. கேமரா அப்பாவ ஞாபகம் வைக்கல மாமா, செவத்த ஞாபகம் வச்சிருக்கு."

நல்ல விளக்கம். சுவர் நகர்வதில்லை என்பதை நான் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். சாப்பிட உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

மறுநாள் தங்கையே வந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். கண்ணை வைக்கும் முன் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மெலிஞ்சு போயிட்டாக."

"கட்டம்தானேம்மா தெரியுது?"

"சின்னதால்ல இருக்கு."

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். நின்றுகொண்டிருக்கும் மனுஷனை இல்லை என்று எழுதிக் கொடுக்க அவளால் முடியாதாம். வக்கீலுக்குப் போன் போட்டேன். "சார், அம்மா ரெண்டு வாய்தாவா வரல. அடுத்ததுக்கும் வரலேன்னா தள்ளுபடி ஆயிரும். கேமராவையெல்லாம் கூண்டுல ஏத்த முடியாது, பாத்துக்கங்க" என்றார். உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் சுமை யார்மேல் விழும் என்று எனக்குத் தெரியும். கேமராவின் மேல்தான். ஆகவே கம்பெனிக்கு எழுதினேன். கட்டம் தெரியும் திரையைச் செல்போனில் எடுத்த படங்களை இணைத்து, உங்கள் கருவி ஆளில்லாத இடத்தில் பதிவு செய்த முகத்தைக் காட்டுகிறது, இது பழுதா, பழுதில்லையா, எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்று கேட்டேன். பழுது என்று ஒரு வரி வந்தால் தங்கை கையெழுத்துப் போடுவாள். புகார் பெறப்பட்டது என்று உடனே ஓர் இயந்திரம் பதில் போட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மேலிடத்துக்கு நகலுடன் மூன்றாவது. நான் ஒருகாலத்தில் பொதுமக்களை எப்படிக் காக்க வைத்தேனோ அதே அழகோடு என்னைக் காக்க வைத்தார்கள்.

தங்கை காத்திருக்கவில்லை. சாயங்காலம் தோறும் ஒரு டம்ளர் காப்பியை மோட்டார் அறைப் படியில் வைத்துவிட்டு வர ஆரம்பித்தாள். விளக்கு வைக்கும் முன் போய் எடுப்பாள். எறும்பு மிதக்கும். தென்னை மூட்டில் கொட்டிவிட்டு வருவாள்.

"குடிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது அப்படி இல்லை.

"சூடு பத்தலை போல" என்றாள்.

மருமகள் திருச்சியிலிருந்து போனில் அழுதாள். "அம்மா ராத்திரிச் சோத்துக்கு ரெண்டு எலை போடுது மாமா. நீங்க அந்தக் கேமராவத் தூக்கிக் கெணத்துல போடுங்க." கேமராவைக் கிணற்றில் போடலாம். கட்டம் கேமராவில் இருந்ததா, அறையில் இருந்ததா என்பது எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்திருந்தால் போட்டிருப்பேன். புதுக்கோட்டையில் என் வீட்டில் எத்தனையோ இருட்டு மூலைகளுக்கு அதைக் காட்டிப் பார்த்துவிட்டேன். எங்கும் ஒன்றும் தெரியவில்லை. அங்கே மட்டும், போகும்போதெல்லாம்.

வாய்தாவுக்கு முந்தைய நாள் கீரமங்கலம் போனேன். கெஞ்சிப் பார்ப்பதாக உத்தேசம். அவள் தோப்பில்தான் இருந்தாள், காப்பி இல்லாமல்.

"அண்ணே, அதுலேர்ந்து அவுக பேர எடுத்துருங்க."

"என்னம்மா திடீர்னு?"

"இத்தன வருசம் வராதவுக, நீங்க பேரச் சேத்ததும் வந்து நின்னாக. ஒரு வாய் காப்பி குடிக்கல, ஒரு வார்த்தை பேசல. பிரியப்பட்டு நிக்கிற மாதிரி தெரியலண்ணே. நம்மதான் புடிச்சு வச்சிருக்கோம்."

"உத்தரவு இல்லாம..." என்று வாயில் வந்ததை விழுங்கினேன். பட்டியலைத் திறந்து மாப்பிள்ளை முகத்தில் நிறுத்தினேன். நீக்கவா என்று கேட்டது. கேமராவை அவள் கையில் கொடுத்தேன். பட்டனைக் காட்டினேன். அவள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அமுக்கினாள். நீக்கப்பட்டது என்றது.

பிறகு வாசலுக்கு நேரே கேமராவைப் பிடித்துக் கண்ணை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"இருக்குண்ணே."

நான் வாங்கிப் பார்த்தேன். அதே இடம், அதே உயரம். கட்டம் இருந்தது. வெள்ளையாக இருந்தது.

"வெள்ளைன்னா என்னண்ணே?"

"தெரியாத ஆளுன்னு அர்த்தம்."

தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு படிக்கருகே போய், தேங்காய் வியாபாரிகளிடம் பேசும் உரத்த குரலில், கறுப்பு வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆருங்க அது? பொம்பளை தனியா இருக்குற தோப்பு. நீங்க பாட்டுக்கு இங்கிட்டு வந்து நிக்கக் கூடாது. அங்கிட்டு ரோட்டுப் பக்கம் போங்க."

நான் கண்ணை எடுக்கவில்லை. கட்டம் படியிறங்கி வெயிலுக்கு வந்தது. நல்ல வெளிச்சத்தில் அதற்குள் தென்னை அடிமரமும் காய்ந்த மட்டையும்தான் இருந்தன. தங்கையைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றது. அவளுக்கு அது தெரியவில்லை. அவள் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரப்போடு நடந்தது. நான் லென்ஸைத் திருப்பித் திருப்பிக் கூடவே போனேன். சிறிதாகி, இன்னும் சிறிதாகி, பஸ் போகும் சாலையின் வளைவில் கேமரா அதைக் கைவிட்டது.

"போயாச்சா?" என்றாள்.

"போயாச்சு."

மறுநாள் கோர்ட்டில் அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வழக்கு அதற்கான வேகத்தில் நடந்து, தீர்ப்பாகி, நகலும் கையில் வந்தது. பட்டா மாற்றத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அனுப்பிய படங்களை ஆய்வு செய்தார்களாம். முகம் கண்டறியும் வசதி சரியாகவே இயங்குகிறது, கருவியில் எந்தப் பழுதும் இல்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது. கோப்பில் வைக்குமுன், வழக்கப்படி ஓரத்தில் பெற்ற நாளைக் குறித்தேன்.