தை அமாவாசையில் பெயின்ட் அடித்த கார்

மண்ணெண்ணெய், ரெட் ஆக்சைடு, அடுப்பில் கொதிக்கும் ரசம்... எழுபதுகளில் திருவள்ளூரில் எங்கள் வீட்டு வாசனை இதுதான்.

கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் ஒரு பட்டறையில் ஃபிட்டர். யாரோ கைவிட்ட பழைய காரை வாங்கிவந்து, நட்டு போல்ட்டு விடாமல் கழற்றிப் போட்டுவிட்டார். கட்டிலுக்கு அடியில் மட்கார்டு. சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி ஒரு கதவு. எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

எந்தப் பாகத்துக்கு எந்தப் பூச்சு என்று மனுஷன் மண்டையை உடைத்துக்கொள்வார். தகரத் துண்டுகளில் விதவிதமாகப் பெயின்ட் பூசி, துணி துவைக்கிற கல்மேல் வைப்பார். தினமும் அவற்றில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எது துருப்பிடிக்காமல் தாங்குகிறதோ அதுதான் காருக்கு! கதவுக்கும் மட்கார்டுக்கும் முதலில் ரெட் ஆக்சைடு, அடிப்பக்கத்துக்குத் தார், சூடேறும் சைலன்சருக்கு அலுமினியப் பெயின்ட் என்று அப்படித்தான் முடிவானது.

கலரை மட்டும் என்னிடம் விட்டார். இளம் பச்சை என்றேன்...

அப்போது நான் மாசமாக இருந்தேன். பிரசவத்துக்குப் பொதட்டூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"திரும்பி வர்றப்போ நீ பஸ்ஸுல வரமாட்ட. கொயந்தயோட கார்லதான் இட்டுக்கினு வருவேன்."

மகன் பிறந்தான். அழைத்துப்போக நாளும் குறித்தாயிற்று. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அம்மா கிண்டல் செய்வாள்.

"வாசப்படி தேஞ்சிடப் போவுது, உள்ள வாடி."

குறித்த நாளில் அவர் வந்தார். பஸ்ஸில்! நகக்கண்ணெல்லாம் பச்சை. முகத்தில் ஈயாடவில்லை.

தை அமாவாசை நல்ல நாளாயிற்றே என்று, அன்றைக்குப் பார்த்து வெளிப் பாகங்கள் எல்லாவற்றையும் வாசலில் வைத்துப் பச்சை அடித்திருக்கிறார். கோயில் குளத்தில் முழுக்குப் போட வரும் ஜனமெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். கிளம்பிய புழுதி மொத்தமும் ஈரப் பெயின்ட்டில் அப்பிக்கொண்டது. சுரண்டித் தேய்த்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அமாவாசையன்னிக்கு நம்ம தெரு இன்னா கதியில இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நல்ல நாளுன்றது மட்டுந்தான் நெனப்புல இருந்துச்சு. உங்க ரெண்டு பேரையும் கார்ல இட்டுக்கினு போவணும்னு அவசரம்... சொன்ன சொல்ல காப்பாத்த முடியல."

"காரா முக்கியம்? நீங்க வரீங்களான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்க மகன் அவர் தோளில் தூங்கினான். அதைவிடச் சுகமான பயணம் எனக்கு அமைந்ததே இல்லை.

அப்புறம் கார் தயாராகி, பல வருஷம் துரு அண்டாமல் ஓடியது.

அந்த மகனுக்கும் இப்போது பழைய கார் பைத்தியம். பாகங்களைக் காக்களூரில் ஒரு கம்பெனியில் கொடுத்து, பொடியைத் தூவிச் சூளையில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் செய்து வாங்கி வருகிறான். வழவழவென்று இருக்கிறது. ஒரு தூசி கிடையாது, வாசனையும் கிடையாது. நான் எங்கே போக வேண்டும் என்றாலும் உடனே கார் வந்து நிற்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா ஊருக்குப் போகும்போதெல்லாம் மனசு கிடந்து தவிக்கிறது. என்னை அழைத்துப்போக ஒரே ஒரு தரம் அவர் வரமாட்டாரா...

கார் வேண்டாம். பஸ்ஸிலேயே வரட்டும்.