சுவரில் மிஞ்சிய ஏழு

எங்கள் வீட்டுப் பக்கச்சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில், சிவப்பாக ஓர் ஏழு இருக்கிறது. பாதி தேய்ந்த ஏழு. என் மாமியார் தேங்காய் நாரும் பெயிண்ட் கரைக்கும் தின்னருமாக உட்கார்ந்து தேய்த்ததில் பக்கத்து எண்களெல்லாம் போய்விட்டன; இது மட்டும் பூச்சுக்குள் ஊறிக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டது. ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு இறங்கும் சந்தின் முனையில் இருக்கிறது வீடு. முனை வீடு என்பதால், தெருவுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் சந்தேகப்படும் பொறுப்பு எங்களுடையது. அத்தை அதை ஒருநாளும் தட்டிக்கழித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன், சுவர்களில் படம் வரைந்து தருகிறோம் என்று ஓர் அமைப்பினர் வந்து கேட்டிருக்கிறார்கள். என் கணவர் சரியென்று தலையாட்டிவிட்டுப் படகேறிப் போய்விட்டார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து திரும்பிய அத்தை, சுவர் முழுக்கச் சிவப்புக் கோடுகளையும், அடியில் வரிசையாக எண்களையும் பார்த்தார். முக்காடு விலகியதுகூடத் தெரியாமல் நின்றார். அவர் பிறந்த வீடு எண்ணூர் போகும் வழியில் இருந்தது. ஒருநாள் யாரோ வந்து அதன் சுவரில் சிவப்பு மையால் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்குள் அந்த இடத்தில் சாலை இருந்தது. சுவரில் எண் என்றால் அவருக்கு வேறு அர்த்தமே கிடையாது. படகுக்கு அடிக்கும் பெயிண்டோடு வைத்திருந்த தின்னரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

டீ குடிக்கப் போயிருந்த ஓவியர் திரும்பி வந்து, விடிந்ததிலிருந்து தான் செய்த வேலை அழிந்துகொண்டிருப்பதைக் கண்டார். தாடி வைத்த, ஒல்லியான மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, அது படத்துக்குப் போட்ட கட்டம்மா!"

"படத்துக்கு இன்னாத்துக்கு நைனா நெம்பரு? எங்களுக்குக் காது குத்தியாச்சி. யாரு அனுப்ச்சா உன்ன?"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கையகலப் படம், அதன்மேலும் கட்டங்கள், அதே எண்கள். சின்னக் கட்டத்தில் இருப்பதை அதே எண்ணுள்ள பெரிய கட்டத்துக்கு மாற்றினால், எவ்வளவு பெரிய சுவரிலும் படம் கோணாமல் வரும் என்றார். அத்தை தாளை வாங்கி முந்தானையில் செருகிக்கொண்டார். இனிமேல் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் சரிபார்த்த பிறகே வண்ணம் ஏறும் என்று தீர்ப்பாகிவிட்டது.

அடுத்த நாட்களில் நான் ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான்: இதில் என்ன தில்லுமுல்லு என்று தேடித்தேடி. ரசிப்பதற்காகப் பார்த்திருந்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். நிழல் ஏன் இந்தப் பக்கம் விழுகிறது என்று அத்தை கேட்டார். காலை வெயில் என்றார் ஓவியர். கிழக்கு எது என்று விரலை நீட்டிப் பார்த்த பிறகுதான் அத்தை விட்டார். தூரத்துப் பொருளெல்லாம் ஏன் வெளுத்துப்போய் இருக்கிறது என்றார். தள்ளிப் போகப் போக நிறம் மங்கித்தான் தெரியும் என்று பதில் வந்தது. "வெளுக்குறதுல்லாம் அயிஞ்சிப்போறதுக்குத்தான்" என்று என் காதில் சொன்னார் அத்தை. தட்டையான சுவரில் ஒரு சாலை உள்ளே ஓடுவதுபோலத் தெரிவது எனக்கே பயமாக இருந்தது. ஓவியர் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து நூலை இழுத்து இழுத்துக் கோடு போட்டார். எல்லாக் கோடுகளும் அந்த ஆணியில் போய் மறைந்தன. இருக்கிற இடத்தை மறையவைக்க இவ்வளவு கணக்கா என்று நினைத்தேன்.

ஏழாம் எண்ணில் வந்தது வம்பு. படத்தில் துறைமுகம் இருந்தது, கிரேன்கள் இருந்தன, கோயில் கோபுரம் இருந்தது. அடியில் எழுதிய ஏழுக்கு நேர் மேலே இருந்த கட்டங்களில் மட்டும் ஒன்றுமில்லை, வெறும் நீலம். அத்தை தாளை ஒரு தடவை பார்த்தார், தெருவை ஒரு தடவை பார்த்தார்.

"கோயிலுக்கும் ஆர்பருக்கும் நடுவுல எங்க தெருல்ல கீது. எங்க அது?"

"எல்லாத்தையும் அடைச்சா கண்ணு திணறும்மா. படம் மூச்சு விட ஒரு இடம் காலியா இருக்கணும்."

"அதுக்கு எங்க வூடுதான் கெட்ச்சுதா? எங்கள எட்த்துட்டு நீ மூச்சு வுடுவியா?"

ஓவியர் சும்மா இல்லை. இது அமைப்பினர் ஒப்புக்கொண்ட படம், வெற்றிடமும் படத்தில் ஒரு பகுதிதான், அதை அடைத்தால் கெட்டுப்போகும் என்று வாதாடினார். அதில் பொய்யில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கடைசியில் வேண்டுமானால் சின்னதாக ஒரு கூரை வைக்கிறேன் என்று இறங்கிவந்தார். ஏன் சின்னதாக என்று அத்தை விடவில்லை. "நான் கடல்ல நின்னு பாக்கிற மாதிரி வரைஞ்சிருக்கேம்மா. நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கறதுதான் பெரிசாத் தெரியும்."

"அப்போ இங்க வந்து நில்லு" என்று எங்கள் வாசற்படியைக் காட்டினார் அத்தை.

அவர் வந்து நின்றார். அங்கிருந்து தெருவையும் துறைமுகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஆணியைப் பிடுங்கி வேறோர் இடத்தில் அடித்தார். இன்று எங்கள் சுவரில் இருப்பது அந்தப் படம். முன்னால் பெரிதாக எங்கள் படி, கயிற்றில் காயும் வலை, தெரு. கடைக்கோடியில் தீக்குச்சி அளவில் கிரேன்கள். நீலம் மேலே ஒதுங்கிக்கொண்டது. தெருவே வந்து பார்த்துக் கைதட்டியது. அத்தை தட்டவில்லை. ஓவியர் போன பிறகு கட்டக் கோடு எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, கீழே இருந்த எண்களைத் தேய்க்க உட்கார்ந்தார்.

இப்போது உப்புக்காற்றில் படம் பொரிந்து உதிர்கிறது. சர்க்கரை அத்தையின் கண்களை வாங்கிவிட்டது. நேற்றுக் காலை கோலம் போட வெளியே வந்தபோது, வாசல் நிலையை ஒட்டிச் சிவப்பாக ஓர் எண்ணைப் பார்த்தேன். மை இன்னும் முழுதாகக் காயவில்லை. படத்தைப் புதுப்பிக்க வந்திருக்கிறார்களோ என்று நப்பாசையோடு சுவர் நெடுகக் கட்டக் கோடுகளைத் தேடினேன். உள்ளே போய்ச் சொன்னதும் அத்தை சுவரைப் பிடித்தபடி வந்து, அந்த இடத்தை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"சுத்தி கட்டம் கீதா?"

"இல்லத்த."

"ஒத்த நெம்பருதானா?"

"ஆமாத்த."

அவர் படியில் இறங்கி, கால்களை நீட்டி, வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டார். "தின்னரு எட்த்தா" என்றார்.