மச்சினர் நம்பிய காற்று

மூக்கில் மாட்டிய மெல்லிய குழாயோடு என் மச்சினர் கல்லாவில் உட்கார்ந்திருந்த கோலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்துத் தரும் இயந்திரம், மேசைக்கடியில் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தோளில் துணி மூட்டையோடு மயிலாப்பூர் வீதிகளில் அலைந்து, தி.நகரில் மூன்று மாடிக் கடை எழுப்பியவன். துணியில் என்னை ஏமாற்ற இன்றைக்கும் ஆள் பிறக்கவில்லை. மனைவியின் தம்பியான இவரை ஊரிலிருந்து அழைத்து வந்து தொழில் பழக்கியதும் நான்தான். ஏஜெண்ட் நீட்டும் ஒரே ஒரு பீஸைக் கசக்கிப் பார்த்துவிட்டு, பேல் கட்டு முழுவதையும் பிரிக்காமலே எடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம்.

அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, ஒரே கட்டியில் இரண்டு வகை கலந்திருப்பதாக அடையாறு டாக்டர் சொன்னார். உடனே ஊசி மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். அதற்குள் வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகன் ஒரு ஆராய்ச்சியைத் தேடிப் பிடித்துவிட்டார். எங்கோ ஒரு நாட்டில் இதே கலப்பு வகை நோயாளி ஒருவருக்கு, ஹைட்ரஜனைச் சுவாசித்ததில் கட்டி சுருங்கியதாம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அது ஒரே ஒரு ஆளைப் பற்றியது, அவருக்கு மருந்தும் சேர்ந்தே போயிருக்கிறது, எது வேலை செய்தது என்று எழுதியவர்களுக்கே தெரியாது என்றார். இயந்திரம் வாங்கினாலும் மருந்தை விடாதீர்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் மச்சினர் சிரித்தார். “ஒரு ஆளுன்னா என்ன அத்தான்? நாம ஒரு பீஸப் பாத்துதான பேல் எடுக்கோம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான.”

துணி வேறு, உடம்பு வேறு என்றேன். காதில் வாங்கவில்லை. ஊசி போட்டால் முடி கொட்டும், கடையில் உட்கார முடியாது. காற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது அவர் கணக்கு. மருந்து வேண்டாம் என்று அவர் போய்ச் சொன்னபோது, “உங்க விருப்பம் சார்” என்றார் டாக்டர். அந்த மரியாதை எனக்கு இன்னும் கசக்கிறது. சாயம் போகிற சேலையை ஒருத்தி பிடிவாதமாக எடுத்தால், கையிலிருந்து பிடுங்கி வைத்து, நாலு வார்த்தை வைத பிறகுதான் வேறு காட்டுவேன். படித்தவர்களுக்கு அந்த உரிமை எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. இயந்திரம் விற்றவனோ வாரம் தவறாமல் போன் செய்து, முகம் நன்றாகத் தெளிந்துவிட்டது என்பான், முகத்தைப் பார்க்காமலே. அந்த ஆராய்ச்சி பொய்யில்லை என்று மருமகன் இன்றைக்கும் சொல்கிறார். பொய் என்று நானும் சொல்லவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்தபோது மச்சினருக்கு மாடி ஏற மூச்சு இல்லை. தானாகவே ஊசிக்குச் சம்மதித்தார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உடம்பு இனி அந்த மருந்தைத் தாங்காது என்றார். அன்றும் அவர் குரல் உயரவில்லை.

திரும்பும் வழியில் அடையாறு பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. மச்சினர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அன்னைக்கே ரெண்டு அறை விட்டுருக்கலாம்லா அத்தான்” என்றார்.

டாக்டரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.