செயின் இல்லாத சைக்கிள்

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸும் நின்றுபோனது. நான் படிப்பித்த பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர் கீழே, ஆற்றோரத்தில் இருந்தது. ஏழரைக்குப் பள்ளி அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து விழுந்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு. எனக்கு வேலை நிரந்தரமாக மூன்று மாதம் பாக்கி. கோட்டுக்குக் கீழே இரண்டு கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று. அதிபர் யாழ்ப்பாணத்து அம்மா. "இன்னொருக்கா பிந்தினால் நான் மேலிடத்துக்கு எழுதத்தான் வேணும், பிள்ளை" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நடந்து போகலாம்தான். ஆனால் லயத்து வீடுகளுக்கான பொதுக் குழாயில் ஆறு மணிக்குத்தான் தண்ணீர் வரும். அதைப் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பினால் நடை எட்டாது.

அந்தத் தவணை விடுமுறையில் என் வீட்டுக்காரர் பழைய சைக்கிளைத் தூசி தட்டினார். தேயிலை ஃபெக்டரியில் மெசின் பார்க்கிறவர் அவர். துருப்பிடித்த செயின் தொட்டதும் அறுந்தது. தலவாக்கலையில் எந்தக் கடையிலும் புதிது இல்லை.

"செயின்னா இரும்புலதான் இருக்கணும்னு யாரு சொன்னா?" என்றார். அன்று பிடித்தது சனி.

முதலில் நைலோன் கயிறு. சக்கரத்துப் பல்லுக்குப் பல் முடிச்சுப் போட்டு மாட்டினார். வாசலைத் தாண்டுவதற்குள் முடிச்சுகள் இறுகி, இடைவெளி மாறி, கயிறு கழன்றுகொண்டது. அடுத்து பழைய கன்வஸ் பட்டையில் வரிசையாகத் துளை போட்டார். ஒரே ஏற்றத்தில் துளையெல்லாம் கிழிந்தது. அப்புறம் பல்சக்கரங்களையே கழற்றிவிட்டு, மரத்தில் உருளை கடைந்து, ஃபெக்டரியில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட்டை வெட்டித் தைத்து மாட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அது ஓடியது. மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் பனி இறங்கியதும் பெல்ட் நனைந்து வழுக்க, அவர் மிதித்துக்கொண்டே இருந்தார், சைக்கிள் நின்றுகொண்டே இருந்தது.

"கெட்டிக்காரன் புளுகாச்சும் எட்டு நாளைக்கு வருமுங்க" என்றேன். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது என்ற எரிச்சல் எனக்கு. அதே எரிச்சலில்தான் கேட்டேன்: "நாலு கிலோமீட்டர் ஒரே எறக்கம். எறங்குறதுக்கு எதுக்குங்க செயினு?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றி விறகோடு போட்டுவிட்டு, பிரேக் கட்டையை மாற்ற உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து நான் பின்னால் உட்கார, இறக்கம் முழுக்க உருண்டு போனோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் சமதரை. அங்கே அவர் இறங்கி, என்னை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். டீச்சர் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்க, புருஷன் வேர்த்து வழிய ஓடுவதை யாராவது பார்த்தால்? பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பாலத்து வளைவிலேயே இறங்கி, "நீங்க இப்புடியே திரும்பிருங்க" என்பேன். கூட வேலை செய்கிறவர்களிடம் யாரோ வண்டியில் ஏற்றி வருவதாகச் சொல்லிவைத்தேன். மணியைப் பார்க்கப் பயம். புத்தகத்தை மட்டும் பார்ப்பேன். ஒரு நாளும் சிவப்புக் கோடு எனக்கு முன்னால் விழுந்திருக்கவில்லை. என் சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

நிரந்தரக் கடிதம் வந்த அன்று அதிபருக்கு லட்டு கொண்டுபோனேன்.

"இதை உங்கட மனிசனுக்குக் குடுங்கோ" என்றார். "அவர் உங்களை வச்சுத் தள்ளிக்கொண்டு ஓடி வாறதைப் பாத்து, நீங்கள் வந்து கையெழுத்து வச்ச பிறகுதான் நான் சிவப்புப் பேனையைத் திறக்கிறனான். சில நாள் ஏழே முக்காலும் ஆயிட்டுது."

அதிபரின் மேசைக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே பாலத்து வளைவு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, என் வீட்டுக்காரரை நினைத்தல்ல.

மறுநாள் பாலத்து வளைவில் அவர் வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் இறங்கவில்லை.

"ஸ்கூல் கேட்டு வரைக்கும் வாங்க" என்றேன்.