தொலைபேசியில் சொன்ன ஓம்

அந்த இடது காலணியின் அடியில் இரும்புத் தகடு பொருத்தியிருந்தது. துடைப்பதற்காக முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்கு லாடம் அடித்த மாட்டுக் கால்தான் நினைவுக்கு வந்தது. அதைப் போடுபவர் டென்மார்க் நாட்டவர். பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில், மண் தடத்தில், எப்போதும் இடப்பக்கமே வளைந்து ஓடும் பந்தயக்காரர். வளைவில் இடது காலை மண்ணில் உரசிக்கொண்டு போகத்தான் அந்த இரும்பு. நாங்கள் இருந்த இத்தாலியின் பலெர்மோவில் அப்படியொரு தடம் கிடையாது. இங்கிலாந்திலும் போலந்திலும் ஓடுவார். எலும்பு முறிந்தால் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்திலிருந்த மனைவியின் வீட்டுக்கு வந்து படுப்பார். தொண்ணூறுகளில் அந்த வீட்டில் நான் வேலைக்கு நின்றேன். அவரைச் சின்யோரே என்பேன், மனைவியைச் சின்யோரா என்பேன்.

அந்தக் குளிர்காலம் இடுப்பு முறிந்து வந்திருந்தார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. சின்யோரா வேலைக்குப் போனதும் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, குசினி அடுப்பிலிருந்து பல்கனி வரைக்கும் வெறுங்காலுடன் நடந்து பழகுவார். விழுந்தால் பிடிக்க நான் பின்னால் போவேன். எத்தனை தரம் என் தோளில் சரிந்திருப்பார்! எனக்கே அலுத்துப்போனது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தப் பருவமும் ஓடாவிட்டால் இனி எந்தக் கழகமும் எடுக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் இடுப்பு தேறிவிட்டதாக, வட இத்தாலியிலிருந்த தன் முகவருக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொய் எனக்குத் தெரியாது.

ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது முகவர் தொலைபேசியில் வந்தார். என் இத்தாலிய மொழி அப்போது கபோச் சந்தைக்கும் வதிவிட அனுமதிக்கான பெர்மெசோ வரிசைக்கும்தான் போதும். அந்த மனிதரோ மூச்சு விடாமல் பேசினார். எங்கள் ஊரில் ஒருவர் கதைக்கும்போது இடையிடையே ‘ஓம், ஓம்’ என்போம். அது சம்மதம் அல்ல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். சொல்லாவிட்டால் மரியாதையில்லை. அந்த மரியாதையை நான் இத்தாலிய மொழியில் செய்தேன்: “சி, சி.” அவர் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். ஒரு முழு உரையாடலைச் சமாளித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் சின்யோரே முகவரை அழைத்தார். பேசி முடித்தும் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் ஊன்றுகோலோ எண்டு கேட்டானாம். நீர் என்ன சொன்னனீர்?”

“சி எண்டு சொன்னனான்.”

“இந்த வருசம் ஓடமாட்டாரோ எண்டு கேட்டதுக்கு?”

“அதுக்கும் சிதான்.”

“இடத்தை மற்றவனுக்குக் குடுக்கட்டோ எண்டு கேட்டதுக்கு?”

அதற்கும் சிதான் சொல்லியிருந்தேன். அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “ஊன்றுகோல் இருக்குத்தானே, பொய்யில்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அடுத்த நாள் காலையில் அவர் நடக்க வரவில்லை. சின்யோரா குசினிக்குள் வந்து இனி அவர் விழமாட்டார் என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் கூசியது. என் மனைவி வேறு விதமாகச் சொன்னாள். “தவளை தன்ரை வாயாலை கெடும். நீங்கள் உங்கடை வாயாலை அந்த மனிசன்ரை வாயிலை மண்ணைப் போட்டிட்டியள்.”

அன்றோடு தொலைபேசியில் ஓம் சொல்வதை விட்டேன். இன்றைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி கதைத்தால் கல்லுப்பிள்ளையார் மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பேன். “அண்ணை, லைன் கட்டோ?” என்று அவள் கத்துவாள்.

சின்யோரே அந்தக் கோடையில் டென்மார்க்குக்கே போய்விட்டார். சின்யோரா பின்னால் போவதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த நாட்களில் அங்கிருந்து அவர் ஒருதரம் அழைத்தார். நான்தான் எடுத்தேன். அண்ணனின் கராஜில் வேலை செய்வதாகச் சொன்னார். சனிக்கிழமைகளில் வேலிக்கு வெளியே நின்று பந்தயம் பார்ப்பதாகச் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, “எனக்கு உம்மிலை கோவமில்லை. அது உமக்குத் தெரியுந்தானே?” என்றார்.

சி என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம் விடவில்லை.

“கேக்குதோ?” என்றார். “இருக்கிறீரோ?” என்றார். பிறகு, லைன் அறுந்துவிட்டதென்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிட்டார்.