சுடவில்லை என்று நடந்தேன்: வலங்கைமானிலிருந்து வைத்தீஸ்வரன் கோயில்

வைகாசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை நானும் என் மகள் தமிழரசியும் வலங்கைமானிலிருந்து வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். இந்தப் பயணப் பக்கத்தில் எப்போதும் எழுதுகிறவள் அவள்தான். இந்த முறை கால் என்னுடையது, அதனால் நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒற்றுப்பிழையைத் திருத்திக்கொள், சேதியில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வருடமாகச் சர்க்கரை. தை மாதம் வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. செருப்பு வார் உராய்ந்தது, அவ்வளவுதான். ஆறிவிட வேண்டியது மூன்று மாதம் இழுத்தது. காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஆறு கிலோ இளைத்துப் போனேன். ஆறினால் வைத்தியநாத சுவாமி சன்னதி வெளிப் பிரகாரத்தை வெறுங்காலோடு ஒன்பது சுற்று வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சித்திரைக் கடைசியில் ஆறியது. மழை விழுந்த பிறகு போகலாம்மா என்றாள் மகள். சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லை எனக்கு.

காலைப் பற்றி அப்படிப் பயந்ததற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் மூத்த ஓரகத்தி கமலாம்பாள். அவருக்கும் சர்க்கரைதான். பதினோரு வருடத்துக்கு முன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் பெயரை எழுதினால் நிலத்தையும் எழுதியாக வேண்டும். கழக ஆட்சி வந்து, குத்தகைக்கு உழுகிறவர்கள் தாலுக்கா ஆபீசில் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் மிராசுதார் வெளியேற்ற முடியாது என்று சட்டம் போட்டிருந்த காலம். என் மாமனார் உழுதது பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர். அவர் போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்துதான் சாகுபடி செய்தார்கள். பதிவு நடந்த வாரம் என் வீட்டுக்காரர் டைபாய்டு காய்ச்சலில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தமிழரசி பிறந்து நாற்பது நாள். அண்ணன்காரர் போய்த் தன் பெயரை மட்டும் பதிந்துவிட்டு வந்தார். அறுப்புக்கு எங்கள் பங்கைக் கேட்டுப் போனபோது வாசலை மறித்துக்கொண்டு, பெயர் உள்ளவர்களுக்குத்தான் நெல் என்று சொன்னவர் கமலாம்பாள். கத்தரிப்பூ நிறச் சின்னாளப்பட்டிப் புடவை, முந்தானையில் மஞ்சள் கறை. அது எனக்கு மறக்காது. எங்களுக்கு வர வேண்டிய ஆறு மாவில் என் வீட்டுக்காரர் சாகும்வரை கூலிக்கு நடவு பார்த்தார்.

அதனால் அவர் கால் போனது தெரிந்தபோது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அடுத்தவன் நிலத்தை மிதித்த கால், சாமி எடுத்துக்கொண்டது என்று. ஒரு தடவை இல்லை. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், பம்புசெட்டில் துணி துவைக்கும்போது என்று பல தடவை. அவர் காதுக்குப் போக வேண்டும் என்றே சொன்னேன். போனது என்றும் தெரியும்.

இனி பயணம். காலை 6.10க்கு வலங்கைமானில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பத்து கிலோமீட்டர், கும்பகோணம் போக 25 நிமிடம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இரண்டு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டேன். 7.20க்கு மயிலாடுதுறை பஸ், ஆளுக்கு 35 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்க ஜன்னல் வேண்டாம், வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. ஆடுதுறை, குத்தாலம் வழியெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, ஆற்றில் மணல்தான். போர்வெல் வைத்திருக்கிறவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். பச்சையாக ஒரு துண்டு தெரிந்தால் அது யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. பழக்கம்.

மயிலாடுதுறையில் சீர்காழி போகும் பஸ்ஸில் ஏறி 9.35க்குக் கோயில் வாசலில் இறங்கினோம். இறங்கியதும் நாடி ஜோதிடம் பார்க்கிறவர்கள் சூழ்ந்துகொள்வார்கள், நின்று பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். என் கைக் கட்டைவிரல் ரேகையைக் கேட்டார் ஒருவர். முன் ஜென்மம் சொல்வாராம். இந்த ஜென்மத்தில் நடந்ததே எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீ வேறு சொல்ல வேண்டுமா என்றேன். தமிழரசி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை அங்காரகனுக்கு விசேஷம், அதனால் கூட்டம். உப்பு மிளகுப் பொட்டலம் 20 ரூபாய். வாங்கிப் போட்டுவிட்டு, சுவாமி, தையல்நாயகி அம்மன், முத்துக்குமாரசுவாமி என்று தரிசனம் முடிக்க மணி 11.40 ஆகிவிட்டது. நோய்க்கு மருந்தாகத் தரும் பிரசாதம், திருச்சாந்துருண்டை கொடுத்தார்கள், முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

சுற்றை அப்போதுதான் ஆரம்பித்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நடப்பதற்குக் கோயிலில் தேங்காய்நார் விரிப்பு போட்டு, அதற்குத் தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு சுற்று அதன் மேல்தான் வந்தேன். கூட்டம் நகரவில்லை. விரிப்பில் நடந்தால் அது என்ன வெறுங்கால் என்றும் தோன்றியது. இறங்கிக் கல்லிலேயே நடந்தேன்.

விரிப்பை விட்டு இறங்கியவர்கள் எல்லாரும் கால் மாற்றிக் கால் வைத்து ஓடினார்கள். நான் ஓடவில்லை. எனக்குச் சுடவே இல்லை. பரங்கிப்பேட்டைக்காரி ஒருத்தி நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏம்மா, உங்களுக்குச் சுடலையா?”

“இல்லையேம்மா” என்றேன். “வேண்டுதலுக்கு வந்தவளை அவன் சுட விடுவானா?”

அவள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். பிள்ளைகளைப் பெற்று, பறிகொடுத்து, கூலி வேலை பார்த்து வளர்த்தவளை ஒருநாளாவது சாமி கவனித்ததே என்று மனசு நிறைந்து போயிற்று. மண்டபத்து நிழலில் பையோடு உட்கார்ந்திருந்த மகள் விரிப்புக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். கையைக் காட்டிவிட்டு நடந்தேன்.

எட்டாவது சுற்றில் கல்லில் ஈரத் தடம் தெரிந்தது. குளத்தில் நனைந்த யாரோ முன்னால் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பதாவதில் பாதி வரும்போது தமிழரசி எழுந்து ஓடிவந்து என்னை அப்படியே உட்கார வைத்தாள். தடம் என்னுடையது. இரண்டு பாதத்திலும் கொப்புளம் கிளம்பி, இடது காலில் உடைந்து, தோல் சுருண்டு தொங்கியது. அப்போதும் வலி இல்லை. வலி இல்லாமலே என் சதையைப் பார்த்தேன்.

வாசலில் ஆட்டோ. சீர்காழி ஏழு கிலோமீட்டர், 250 ரூபாய். ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், பாதத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்தார். பாதி வழியில் மகளிடம் சொன்னார். “இந்தக் கோடையில நாலாவது ஆளுங்க இவங்க. நாலு பேரும் சுகர். யாருக்குமே சுடலைங்கிறாங்க.”

சீர்காழியில் ஒரு சின்ன மருத்துவமனை, டாக்டர் இளம்பெண். புண்ணைக் கழுவிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பாதத்தில் ஒரு நைலான் நரம்பால் தொடுவேன், தெரிந்தால் தெரியுது என்று சொல்லுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவே இல்லையே என்று பொறுமை இழந்து கண்ணைத் திறந்தால், மகள் அழுதுகொண்டிருக்கிறாள். பத்து இடத்தில் தொட்டு முடித்திருக்கிறார்.

“சாமிதான் சுட விடலை” என்றேன்.

“சுடலைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதாம்மா நோய்” என்றார் டாக்டர். “சர்க்கரை நரம்பைத் தின்னுட்டுது. ஆறு வாரம் கால் தரையில படக்கூடாது. தினம் கட்டு மாத்தணும். சீழ் வைக்காம இருந்தா கால் தங்கும்.”

அந்தக் கட்டிலில் கிடக்கும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. பதினோரு வருடத்துக்கு முன் சித்திரையில் கமலாம்பாள் பேரனுக்கு முடி இறக்க இதே கோயிலுக்கு வந்தார். திரும்பும்போது காலில் கொப்புளம். ஆடியில் காலை எடுத்தார்கள். இந்த மாத வரிசை எனக்கு அப்போதே தெரியும். சாமி சன்னதியிலேயே தண்டித்துவிட்டார் என்று சொல்வதற்காகவே அதை ஞாபகம் வைத்திருந்தேன்.

அவர் சீர்காழியில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே போகலாம் என்றேன். தமிழரசி என்னை உற்றுப் பார்த்தாள். சண்டை போடவா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தக் குடும்பத்துப் படி ஏறாதவள் நான். அன்றைக்கும் ஏறவில்லை. மகளும் ஆட்டோக்காரரும் கைத்தாங்கலாகத் தூக்கிப்போய் உட்கார வைத்தார்கள்.

கமலாம்பாள் சக்கர நாற்காலியில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு பாதத்துக் கட்டுகளையும் பார்த்தார்.

“நீ யார் நிலத்தைடி மிதிச்சே?” என்றார்.

எனக்கு வர வேண்டியது வந்தது. “யார் நிலத்தையும் இல்லக்கா. கல்லைத்தான் மிதிச்சேன். உங்களுக்கும் கல்லுதான். நான் சொன்னது தப்பு.”

“நிலம்?”

“அது அப்படியேதான் இருக்கு. அதுக்கு நான் வரலை.”

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தன் மகளைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, கேட்காமலே சொன்னார். கொப்புளத்தை ஒன்பது நாள் யாரிடமும் காட்டவில்லையாம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டாராம். வலிக்காததால் ஆறுகிறது என்று நினைத்தாராம். நாற்றம் வந்த பிறகுதான் மருமகன் தூக்கிப் போயிருக்கிறார்.

“வலிக்கலைன்னா ஆறுதுன்னு நினைக்காதே. கண்ணால பாரு” என்றார். “என்னைய மாதிரி உக்காந்துடாதே.”

மூன்றரைக்குக் கிளம்பினோம். கார் வைத்துக்கொண்டு வந்தோம், வலங்கைமானுக்கு 2,200 ரூபாய்.

இது எழுதும்போது எட்டு வாரம் ஆகிறது. வலது பாதம் மூடிவிட்டது. இடது காலில் சுண்டுவிரல் கறுத்து, அதை மட்டும் எடுத்தார்கள். மற்றபடி கால் இருக்கிறது. சாமி மேல் எனக்கு வருத்தம் இல்லை. திருச்சாந்துருண்டையும் சாப்பிட்டேன், டாக்டர் மாத்திரையும் சாப்பிட்டேன், எது கேட்டது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. வேண்டுதலில் அரைச் சுற்று பாக்கி. அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

போகிறவர்கள் கவனிக்க: சர்க்கரை உள்ளவர்கள் காலை ஏழரைக்குள் தரிசனத்தை முடித்து வெளிப் பிரகாரத்தை விட்டு வந்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். பகல் ஒரு மணிக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள். செவ்வாய் வேண்டாம், புதன், வியாழனில் கூட்டம் குறைவு. கோயிலுக்குள் போட கனமான பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். விரிப்பை விட்டு இறங்காதீர்கள். எல்லாருக்கும் சுடுகிற இடத்தில் உங்களுக்கு மட்டும் சுடவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைக் காட்டினால் தெரியும். தினம் காலையில், பல் தேய்த்ததும்.

எனக்கு மறக்காது. ஏழு மணிக்குச் சீர்காழியிலிருந்து போன் வரும். சௌக்கியமா, சாப்பிட்டாயா, எதுவும் கிடையாது. நிலத்தைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. “பாத்தியா?” என்பார். “பாத்தேன்” என்பேன். வைத்துவிடுவார்.